நாலு வாரத்தில் புதரை எடுக்காவிட்டால் தோட்டத்தைப் பிடுங்கிவிடுவார்களாம், உதவுங்கள்

வேளச்சேரிக்காரி:
சென்னையிலிருந்து வந்து ஏழு மாதம். காய்கறி போட வாடகைக்கு விடும் துண்டு நிலத்துக்குப் (அலாட்மென்ட்) பெயர் கொடுத்தோம், கிடைத்துவிட்டது. போய்ப் பார்த்தால் இடுப்பளவு முள். நாலு வாரத்தில் பயிர் தெரியாவிட்டால் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகத் தோட்டக் கமிட்டியிடமிருந்து நேற்று கடிதம். ரெண்டு சனிக்கிழமை பிடுங்கியாச்சு, கையெல்லாம் கீறல். மாடித் தொட்டியில் கறிவேப்பிலை வளர்த்ததோடு சரி என் விவசாயம். மெஷின் வைத்து மொத்தமாக உழுதுவிடலாமா?

மியூனிக் மடிப்பாக்கம்:
தோட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு காய்கறி, பழம் கட்டாயம். மே 15 தாண்டாமல் தக்காளி வைக்காதீர்கள், பனி கருக்கிவிடும். நான் வந்த முதல் குளிர்காலத்தில் வெங்காயத்தாள் ஒன்றுதான் ஜன்னலோரம் பிழைத்தது. அழுதிருக்கிறேன்.

குரோம்பேட்டை அக்கா:
தம்பி, அது உங்க ஜெர்மனி சட்டம். அவங்க எந்த நாடு என்றே சொல்லவில்லையே?

நங்கநல்லூர் திரும்பியவன்:
பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டுத் திரும்பினேன். இங்கே பங்குனி வெயிலில் பச்சை வலைக்குக் கீழே கத்தரி காய்க்கிறது. காசு கொடுத்து முள் பிடுங்குவானேன்? கடையில் வாங்குங்கள்.

மியூனிக் மடிப்பாக்கம்:
வாங்கலாம் அண்ணா. கோயம்பேட்டில் கொசுறாக வந்த கறிவேப்பிலையை இங்கே எண்ணி எண்ணித் தாளிக்கிறோம்.

நங்கநல்லூர் திரும்பியவன்:
இப்போது இங்கேயும் பல கடைகளில் கொசுறு கிடையாது. கேட்டால் முறைக்கிறார்கள்.

வேளச்சேரிக்காரி:
மன்னிக்கவும், இங்கிலாந்து, லெஸ்டர். முள்ளுக்கு நடுவே வெள்ளை நூடுல்ஸ் மாதிரி வேர் ஓடுகிறது, இழுத்தால் பட்டென்று உடைகிறது.

குரோம்பேட்டை அக்கா:
அது பைண்ட்வீட் என்ற களைக்கொடி. மெஷின் மட்டும் விடாதீங்கம்மா! வேரை நறுக்கிப் போட்டால் ஒவ்வொரு துண்டும் ஒரு செடி. நானே முதல் வருடம் ஆள் வைத்து உழுதுவிட்டு ஜூனில் தலையில் கை வைத்தேன்.

அங்கே முழுத் தோட்ட மனை என்றால் சுமார் 250 சதுர மீட்டர். மொத்தத்தையும் தொடாதீங்க, கால்வாசி போதும். முள்ளை முழங்கால் உயரத்துக்கு வெட்டி, அடிக்கிழங்கை கார்டன் ஃபோர்க்கால் நெம்பி எடுங்க. வெட்டுமுன் பறவைக் கூடு இருக்கா பாருங்க. குஞ்சு பொரிக்கும் காலம், கூட்டைக் கலைத்தால் குற்றம். மீதி முக்கால்வாசிக்கு அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, மேலே கறுப்பு ஷீட், ஓரத்தில் செங்கல். பழைய கார்பெட் வேண்டாம், பல இடங்களில் தடை.

இது ஏப்ரல் முதல் வாரம். உருளைக்கிழங்கு ஒரு ஜாண் ஆழ்த்த வேண்டாம், அரை ஜாண் போதும். ஒன்றரை அடிக்கு ஒன்று. பக்கத்தில் அவரை மாதிரியான பிராட் பீன்ஸ். மளிகைக்கடை வெந்தயத்தையே தூவுங்க, கீரையாக வரும். தக்காளி, தண்டுக்கீரை மே கடைசியில். முருங்கைக் கனவு வேண்டாம். அம்மாவை விதை அனுப்பச் சொல்லாதீங்க, தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள்.

இன்றே நாலு போட்டோ எடுத்து, தேதி போட்டு கமிட்டிக்கு அனுப்புங்க. வேலை நடப்பது தெரிந்தால் பெரும்பாலும் அவகாசம் தருவார்கள்.

வேளச்சேரிக்காரி:
அனுப்பிவிட்டேன் அக்கா. இன்று முள்ளுக்கு அடியில் சிவப்புத் தண்டு, யானைக் காது மாதிரி இலை. இதையும் பிடுங்கவா?

குரோம்பேட்டை அக்கா:
ஐயோ, வேண்டாம், ரூபார்ப் போலிருக்கு, புளிப்புத் தண்டுச் செடி! பக்கத்து மனைக்காரரிடம் காட்டிக் கேட்டுக்குங்க. அதுதான் என்றால் இலை விஷம், சாப்பிடாதீங்க. தண்டை மட்டும் நறுக்கி, புளி விடாமல் பருப்பில் போடுங்க. புளிச்சக்கீரைக் கடைசல் தோற்றுப்போகும்.