காம்பஸ் வாட்ச் 16 டிகிரி தள்ளிக் காட்டுது, கேலிபரேட் பண்ணியும் சரியாகலை

புதுநடையன்: நான் நின்ற மேட்டிலிருந்து எதிரே தெரியும் கோபுரம், வரைபடப்படி நேர் கிழக்கு, 90 டிகிரி. வாட்சில் 106 வருது. வரைபட ஓரத்தில் ‘8 டிகிரி மேற்கு’ன்னு இருந்துச்சு, அதனால டிக்ளினேஷனில் (மெய் வடக்குக்கும் ஊசி காட்டும் வடக்குக்கும் உள்ள வித்தியாசம்) 8 வச்சேன். மூணு தடவை கேலிபரேட்டும் பண்ணியாச்சு. வாட்ச் பழுதா? திருப்பிக் கொடுத்துடலாமா?

ஊசிமுனை: பக்கத்தில் கார், இரும்பு வேலி ஏதாவது? போன் எங்கே இருந்துச்சு?

புதுநடையன்: வெட்டவெளிங்க. போன் முதுகுப்பையில்.

பழையகாம்பஸ்: கொடுத்துடாதீங்க! 16 சரியா 8-இன் இருமடங்கு, அதுலயே குட்டு உடையுது. மேற்குக்குப் பதில் கிழக்கில் வச்சிருக்கீங்க. பெரும்பாலான வாட்சில் கிழக்கு பிளஸ், மேற்கு மைனஸ். சிலதில் E, W எழுத்து இருக்கும்.

உங்க இடத்தில் ஊசி மெய் வடக்குக்கு 8 டிகிரி மேற்கே நிக்குது. அதனால 90-இல் இருக்கும் கோபுரம் காந்தக் கணக்கில் 98. அதில் 8 கழிக்கணும். உங்க வாட்ச் கூட்டிடுச்சு. இப்படியே ஒரு கிலோமீட்டர் நடந்தா சுமார் 280 மீட்டர் தள்ளிப் போய் நிப்பீங்க.

கேலிபரேஷன் சென்சாரோட கோளாறைத்தான் சரிபண்ணும். காந்த ஒதுக்கம், அதாவது டிக்ளினேஷன், பூமியோட சமாச்சாரம், வாட்சை எத்தனை தடவை சுத்தினாலும் போகாது. இன்னொண்ணு: வாட்சில் வச்ச பிறகு வரைபடத்தில் மறுபடி கழிக்காதீங்க. நானே அப்படி ஒரு ஓடையைத் தவறவிட்டிருக்கேன்.

புதுநடையன்: மைனஸ் 8 வச்சேன். ஒருதரம் 91, ஒருதரம் 89! ஆனா வரைபடம் 12 வருஷம் பழசு. அந்த 8 இன்னும் செல்லுமா?

பழையகாம்பஸ்: ஒண்ணு ரெண்டு டிகிரி கை ஆட்டம், விடுங்க. ஆனா கேட்டது நல்ல கேள்வி. காந்த வடமுனை ஓரிடத்தில் நிக்கிறதில்லை. 1831-இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் கனடாவின் வடகோடியில் கண்டது, இப்போ சைபீரியா பக்கம் நகர்ந்துக்கிட்டிருக்கு. அதனாலதான் பூமியோட காந்தப்புலத்தைக் கணக்கிடும் உலகக் காந்த மாதிரியை 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறாங்க. இப்போ இருப்பது 2025-க்கானது. நோவா (NOAA, அமெரிக்கக் கடல், வளிமண்டல அமைப்பு) தளத்தில் உங்க அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்தா இன்றைய அளவு வரும்.

புதுநடையன்: 7 டிகிரி 40 நிமிஷம் மேற்குன்னு வருது. அப்போ 7.4?

ஊசிமுனை: 60 நிமிஷம்தான் ஒரு டிகிரி, அதனால 7.67. உங்க வாட்ச் முழு எண் மட்டும் வாங்கும்னா 8-ஐயே விட்டுடுங்க.