12 வோல்ட் ட்ரான்ஸ்ஃபார்மரில் 14.3 வருகிறது, பழுதா?

புதுச்சுருள்:
ட்ரான்ஸ்ஃபார்மரில் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது. பிரைமரிக்கு (கரண்ட் நுழையும் சுருள்) 230 வோல்ட் கொடுத்து, செகண்டரியில் (கரண்ட் வெளிவரும் சுருள்) எதுவும் மாட்டாமல் அளந்தால் 14.3. 12 ஓம் ரெசிஸ்டர் இரண்டை வரிசையாக இணைத்தால் 13.1. ஒன்றை மட்டும் மாட்டினால் 12.1; ரெசிஸ்டரில் கைவைக்க முடியவில்லை. லோடு, அதாவது இழுக்கும் கரண்ட், ஏற ஏற வோல்ட் ஏன் இறங்குகிறது? வைண்டிங் (உள்ளே சுற்றிய கம்பி) போய்விட்டதா?

அவசரக்காரன்:
உள்ளே ஷார்ட். மாற்றிவிடுங்கள்.

கம்பிச்சுற்று:
மாற்ற வேண்டாம். வைண்டிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகியிருந்தால் லோடு இல்லாமலே சுடும். எழுதியிருக்கும் 12 என்பது முழு லோடில் வரவேண்டியது. உங்களுக்கு 1 ஆம்பியரில் 12.1 வருகிறது, கச்சிதம். வைண்டிங் கம்பிக்கும் ரெசிஸ்டன்ஸ் உண்டு இல்லையா? 1 ஆம்பியருக்கு 2.2 வோல்ட் இறங்குவதால், உள்ளே 2.2 ஓம் இருப்பதாகக் கொள்ளலாம். 24 ஓமில் ஓடுவது 0.55 ஆம்பியர், அதற்கு 1.2 வோல்ட் இறங்கினால் 13.1, நீங்கள் பார்த்ததேதான். கம்பி மெல்லிசாக இருக்கும் சின்ன ட்ரான்ஸ்ஃபார்மரில் இப்படி 18 சதவீதம் இறங்குவது சகஜம். பெரியவற்றில் சில சதவீதம்தான்.

அப்புறம், அந்த ரெசிஸ்டர் எத்தனை வாட்? ஒன்றை மட்டும் மாட்டும்போது அதில் 12 வாட் எரிகிறது. 25 வாட் போடுங்கள்.

புதுச்சுருள்:
10 வாட்தான், மாற்றிவிடுகிறேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு வைண்டிங்கை அளந்தேன்: செகண்டரி 1.1 ஓம், பிரைமரி 285 ஓம். 285 எங்கே, 2.2 எங்கே?

கம்பிச்சுற்று:
பிரைமரியை அப்படியே கூட்டக்கூடாது. செகண்டரி பக்கத்திலிருந்து பார்த்தால், அது வோல்ட் விகிதத்தின் வர்க்கத்தால் வகுபட்டுத்தான் தெரியும். 230-ஐ 14.3-ஆல் வகுத்தால் சுமார் 16.1. அதன் வர்க்கம் 259. 285-ஐ அதால் வகுத்தால் 1.1 ஓம். செகண்டரியின் 1.1-ஐச் சேருங்கள்.

புதுச்சுருள்:
அட, 2.2! சரி, இதில் பிரிட்ஜும் (ஏசியை டிசியாக்கும் நான்கு டையோடுகள்) 2200 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் கெப்பாசிட்டரும் போட்டு 1 ஆம்பியர் டிசி எடுக்கலாமா?

கம்பிச்சுற்று:
16 வேண்டவே வேண்டாம். லோடு இல்லாதபோது மீட்டர் காட்டும் 14.3-இன் அலை உச்சம் அதைப்போல் 1.4 மடங்கு, அதாவது 20 வோல்ட். டையோடுகள் ஒன்றரை வோல்ட் தின்றாலும் கெப்பாசிட்டரில் கிட்டத்தட்ட 19 நிற்கும். 35 வோல்ட் போடுங்கள். கெப்பாசிட்டர் அலையின் உச்சியில் மட்டும் வெடுக்கென்று கரண்ட் இழுப்பதால் வைண்டிங் கூடுதலாகச் சுடும். டிசியில் 0.6 ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

புதுச்சுருள்:
நல்லவேளை, சால்டர் வைத்துவிட்டேன், பிளக் மட்டும் இன்னும் போடவில்லை. கழற்றிவிட்டு வருகிறேன்.