மால்ட்டை நனைத்து அரைப்பதற்குத் தமிழில் ‘பிதுக்கரவை’ சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

பெங்களூரில் பீர் ஆலையில் வேலை பார்க்கும் நம் தம்பி கேட்ட கேள்வி மூன்று நாளாக மனதைவிட்டுப் போகவில்லை. ஈரோடு, தருமபுரிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்திருக்கும் பையன்களுக்காக இயந்திரக் கையேட்டைத் தமிழில் எழுதுகிறார். மால்ட்டை, அதாவது முளைக்கவைத்துக் காயவைத்த வாற்கோதுமையை, நனைத்து அரைக்கும் ‘வெட் மில்லிங்’ வரும் இடத்தில் எழுத்து நின்றுவிட்டது. குழுவில் உடனே வந்த பதில் ‘ஈர அரைப்பு’. எனக்கு அது ஒப்பவில்லை.

கோயம்புத்தூர்க்காரரிடம் ஈரமாக அரைப்பது என்றால் கண்ணுக்குள் வருவது கிரைண்டர்தான். 1955-ல் இங்கே பிறந்து, ஊத்துக்குளிக் கல்லோடு சேர்ந்து பேர் வாங்கி, புவிசார் குறியீடும் பெற்ற பொருள். அதில் அரிசியும் உளுந்தும் தண்ணீரோடு குழைந்து வெண்ணெய்போல் வரவேண்டும். மால்ட்டை அப்படிக் குழைத்தால் அன்றைக்குக் காய்ச்சும் பீர் முழுக்கப் பாழ்.

நடப்பது என்ன? வாற்கோதுமை மால்ட்டில் ஈரம் 4, 5 சதவீதம்தான் இருக்கும். காய்ந்தபடியே உருளைக்குள் விட்டால் உமியும் சேர்ந்து நொறுங்கும். நெல் மில்லில் உமி கழிவு. பீர் ஆலையில் அதுதான் வடிகட்டி. மாவு வெந்நீரில் கரைந்து மாச்சத்து சர்க்கரையான பிறகு, வடிகலத்தின் துளைத்தட்டின் மேல் உமி மெத்தைபோல் படிகிறது. இனிப்புச் சாறு அதன் ஊடாகத்தான் தெளிந்து இறங்க வேண்டும். உமி தூளாகிப் போனால் மெத்தை சேறாகி அடைத்துக்கொள்ளும். அதனால்தான் அரவைக்கு முன்னால் 60, 70 டிகிரி வெந்நீரில் ஒரு நிமிடம் போல நனைக்கிறார்கள். உமி ஈரம் குடித்துத் தோல்மாதிரி துவண்டுவிடும். உள்ளே பருப்பு பெரும்பாலும் காய்ந்தபடியே இருக்கும். அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளியில் இரண்டு உருளைகள் அழுத்தும்போது பருப்பு வெளியே வந்துவிடும், உமி பெரிதாக முழுசாக நிற்கும். அரவைத் தூசி பறக்காது, அது தீப்பற்றி வெடிக்குமே என்ற பயமும் இல்லை.

இதைப் படித்தபோது எனக்கு அம்மாயி வீட்டுத் திண்ணை ஞாபகம் வந்தது. தை மாதம், இரவே ஊறப்போட்ட பச்சை மொச்சை, நடுவில் ஒரு போசி. அம்மாயி கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு கொட்டையை வைத்து லேசாக ஓர் அழுத்து. பருப்பு வழுக்கிக்கொண்டு போசியில் விழும். தோல் கிழியாமல், ஒரு ஓரம் மட்டும் வாய் திறந்து, விரலிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். ஊறாத கொட்டையை எடுத்து அழுத்தினால் நகம்தான் வலிக்கும். அந்தப் பிதுக்குப் பருப்புக் குழம்பைத் தின்று வளர்ந்த பையனுக்கு வெட் மில்லிங்கைப் புரியவைக்க வேறு விளக்கம் வேண்டியதில்லை.

ஆகவே என் பரிந்துரை: பிதுக்கு, அரவை இரண்டும் சேர்ந்து ‘பிதுக்கரவை’. ‘அரவை’ கரும்பாலையிலும் மாவு மில்லிலும் நாள்தோறும் புழங்கும் சொல். நைசாக இருக்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பு அதில் கிடையாது.

மற்றவற்றையும் யோசித்துப் பார்த்தேன். ‘ஊறல் அரவை’ வேண்டவே வேண்டாம். சாராய ஊறல் என்று போலீஸ் செய்தியில் வருகிற சொல் அது, கையேட்டில் வந்தால் படிப்பவர் திடுக்கிடுவார். ‘நனைத்துடைப்பு’ என்று சேர்த்து எழுதினால் ஈரத்துணியால் துடைப்பதாகப் படிக்கிறது. ‘ஈரவுடைப்பு’ என்றால் கீழ்பவானி வாய்க்கால் கரை போய்விட்டதோ என்று நினைக்கத் தோன்றும்.

இன்னொன்று. சில ஆலைகளில் நீராவியோ கொஞ்சம் தண்ணீரோ காட்டி, ஈரத்தை ஒன்றிரண்டு சதவீதம் மட்டும் ஏற்றி, பிறகு சாதாரண உருளையில் விடுகிறார்கள். அது வேறு முறை. அதற்கும் வீட்டுச் சொல் இருக்கிறது. கம்பு இடிப்பதற்கு முன் தண்ணீர் தெளித்துப் பிசறி வைப்போம் இல்லையா, தோல் தனியாக உரிந்து வரட்டும் என்று? ‘பிசறல்’ அதற்கு அப்படியே பொருந்தும்.

சேலத்து அக்கா நேற்று எழுதிய மறுப்பைக் கீழே தருகிறேன்.

“தம்பி, ‘பிதுக்கு’ என்றதும் கண் பிதுங்கியது, தொப்பை பிதுங்கியது என்றுதான் எனக்கு ஓடுகிறது. சொல்லில் தண்ணீரே இல்லையே? தவிர, மொச்சைபோல மால்ட்டையும் ராத்திரியெல்லாம் ஊறப்போட்டுவிட்டால் என்ன செய்வது? ‘ஈர அரவை’ எல்லோருக்கும் புரியும்.”

அக்கா, ‘ஈர அரவை’ நல்ல சொல்தான். ஆனால் அதற்கு உரிமைக்காரர் ஏற்கெனவே இருக்கிறார், அதுவும் உங்கள் ஊரிலேயே. சேகோ ஆலையில் மரவள்ளிக் கிழங்கைத் தண்ணீர்விட்டு அரைத்து மாவுப்பால் எடுப்பது ஈர அரவை. மக்காச்சோளத்தை ஒன்றிரண்டு நாள் ஊறப்போட்டு மாச்சத்தைப் பிரிப்பதும் அதேதான், ஆங்கிலத்தில் அதற்கும் வெட் மில்லிங் என்றே பெயர். அங்கெல்லாம் கிழங்கோ தானியமோ சிதையத்தான் வேண்டும். மால்ட்டில் உமி சிதையக்கூடாது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் குழப்பம் ஆலைத் தளத்தில்தான் வரும். பிதுங்குதல் தானாக நடப்பது, பிதுக்குதல் நாம் செய்வது. பிதுக்குப் பருப்பைக் கேட்டு யாரும் முகம் சுளிப்பதில்லை.

தண்ணீர் இல்லை என்ற குறையை ஒப்புக்கொள்கிறேன். தலைப்பிலும் முதல் தடவை வரும் இடத்திலும் ‘நனைபிதுக்கரவை’ என்று முழுசாக எழுதலாம், அப்புறம் ‘பிதுக்கரவை’ போதும். மால்ட் நனையும் தொட்டிக்கு ‘நனைகலம்’, அழுத்தும் உருளைக்குப் ‘பிதுக்குருளை’. எத்தனை நேரம் நனைப்பது என்பதைச் சொல்லுக்குள் திணிக்க வேண்டாம், கையேட்டு வரி சொல்லட்டும். தம்பி, இதை எழுதிப் பாருங்கள்:

“மால்ட் நனைகலத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கக்கூடாது. பிதுக்கிய மால்ட்டைத் தேக்கி வைத்தால் புளித்துவிடும், உடனே வெந்நீரில் கரைக்கும் கலத்துக்கு அனுப்பவும். பிதுக்கரவை முடிந்ததும் பிதுக்குருளைகளை வெந்நீரால் கழுவவும்.”

இரவு ஷிஃப்ட்டில் இருக்கும் பையன்கள் யாரிடமாவது இதைப் படிக்கக் கொடுத்து, எந்த வரியில் நிறுத்திக் கேட்கிறார்கள் என்று எழுதுங்கள். அதை வைத்து மாற்றிக்கொள்வோம்.