கொமட்டை உடைக்க முதல் ஒரு வாளி தண்ணி ஊத்திப் பாருங்கோ

உப்புவெளியில இருந்து எழுதுறன். எங்கட வீட்டுக் கொமட் மூண்டு மாசமா ஒழுங்கா ஃபிளஷ் ஆகேல்ல. பிடியை அமத்தினால் தண்ணி மெதுவா வழிஞ்சு இறங்கும், போகவேண்டியது போகாது. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், வாளி தூக்கி ஊத்த ஏலாது. எங்களைக் கூப்பிட வெக்கப்பட்டு, தண்ணி குடிக்கிறதையே குறைச்சுப் போட்டா. அது தெரியவந்த அண்டைக்கு எனக்கு நித்திரை வரேல்ல.

பார்க்க வந்த பிளம்பர் நிலத்தை உடைச்சுப் புதுசு வைக்கவேணும் எண்டார். அவ்வளவு காசு கையில இல்லை. கட்டட வேலை செய்யிற மாமாவுக்குப் போன் எடுத்தன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "பிள்ளை, வாளியால ஊத்தினா போகுதோ?" ஏழெட்டு லீற்றர், ஒரே மூச்சில ஊத்தினன். சர்ரெண்டு போயிட்டுது. "அப்ப குழாயும் குழியும் சரி. தண்ணி வாற வழியிலதான் பிழை. ஒண்டையும் உடைக்க விடாதை."

சிஸ்டன், அதுதான் கொமட்டுக்குப் பின்னால இருக்கிற தண்ணித் தொட்டி, மூடியைத் திறந்தால் தண்ணி, கூடினால் வழிஞ்சு கொமட்டுக்குள்ள போற நடுக் குழாயின்ர வாயில இருந்து நாலு விரல் கீழ நிண்டது. மிதவையை உயர்த்தி ஒரு அங்குலம் கீழ நிக்கிற மாதிரி வைச்சன். கொஞ்சம் திருத்தம், ஆனா காணாது. பிறகு முகம் பார்க்கிற கண்ணாடியைக் கொமட் விளிம்புக்குக் கீழ பிடிச்சுப் பார்த்தன். தண்ணி வாற துவாரங்கள் பாதிக்கு மேல வெள்ளையா அடைஞ்சு கிடக்குது. எங்கட கேத்தலுக்குள்ள பிடிக்கிற அதே படிவு, கிணத்துத் தண்ணியில இருக்கிற சுண்ணாம்பு.

இரவு வால்வைப் பூட்டி, சிஸ்டனை வெறுமையாக்கி, இளஞ்சூடான வினாகிரி ஒரு லீற்றரை அந்த நடுக் குழாய்க்குள்ள மெதுவா ஊத்தினன். அது விளிம்புத் துவாரங்களால இறங்கும். விடிய, கட்டுக்கம்பித் துண்டால ஒவ்வொரு துவாரமா சுரண்டினன். இரண்டு இரவு செய்யவேண்டி வந்தது. கொதிதண்ணி ஊத்தாதேங்கோ, பீங்கான் வெடிக்கும். வினாகிரியோட குளோரின் கலந்த எதையும் சேர்க்கவே கூடாது, வாற வாயு நெஞ்சை அடைக்கும்.

நிலாவெளியில இருந்து:
அக்கா, எங்களுக்கு வாளியால ஊத்தினாலும் தண்ணி மேல ஏறித்தான் நிண்டது. மார்கழி மழை, மணல் நிலம். நிலத்தடித் தண்ணி உயர்ந்து குழியை நிரப்பிப் போட்டுது. பவுசர் பிடிச்சு இறைச்சம், இரண்டு கிழமையில பழையபடி நிரம்பிப் போச்சுது. மழை விட்ட பிறகுதான் சரிவந்தது. அந்த நாளில கிணத்துத் தண்ணியைக் கொதிக்கவைக்காமல் குடிக்காதேங்கோ, எங்கட சின்னவனுக்கு வயித்தோட்டம் வந்து பட்டபாடு கொஞ்சமில்லை.

உவர்மலையில இருந்து:
இன்னுமொண்டு. சிஸ்டனுக்குள்ள கேசரிக் கலறிங் கொஞ்சம் போட்டு, அரை மணித்தியாலம் ஃபிளஷ் பண்ணாமல் விடுங்கோ. கொமட்டுக்குள்ள நிறம் வந்தால் சிஸ்டனுக்கு அடியில தண்ணியை மறிக்கிற றப்பர் ஒழுகுது. எங்களுக்கு அதுதான். சிஸ்டன் ஒருநாளும் நிரம்பாது, பில் மட்டும் ஏறும். அக்கா, உங்களுக்குத் திரும்ப அடைக்கேல்லையோ?

உப்புவெளி:
அடைக்கும் தம்பி, தண்ணி அதேதானே. அதால மாசத்துக்கு ஒருக்கா வினாகிரி ஊத்துறன். அம்மா இப்ப கட்டிலடியில செம்பு நிறையத் தண்ணி வைச்சிருக்கிறா. விடியக்குள்ள அது வெறுமையா இருக்கும்.