பிறையில் ரசாயன லாரி கவிழ்ந்தால், முதலில் வரும் காவலர் என்ன செய்ய வேண்டும்?

பிறைவாசி:
மலேசியாவின் பினாங்கு மாநிலத்திலுள்ள பிறைத் தொழிற்பேட்டையை ஒட்டிய சாலைகளில் ரசாயன லாரிகள் நாள்தோறும் ஓடுகின்றன. ஒன்று கவிழ்ந்தால் பெரும்பாலும் முதலில் வந்து நிற்பது ரோந்துக் கார்தான். தீயணைப்பு மீட்புத் துறையின், அபாயப் பொருள்களைக் கையாளும் ஹஸ்மாட் குழு அதற்குப் பிறகே வந்து சேரும். ஆகவே செபராங் பிறையின் ஒவ்வொரு ரோந்துக் காருக்கும் கதிர்வீச்சை அளக்கும் கையடக்கக் கருவியும் சுவாசக் கவசமும் வழங்க வேண்டும் என்கிறேன். 2018 ஆகஸ்டில் சிரம்பானிலிருந்து ஷா ஆலாமுக்குக் கொண்டு செல்லப்பட்ட, கதிர்வீச்சை வெளியிடும் இரிடியம்-192 அடங்கிய 23 கிலோ தொழிற்கருவி ஒன்று வழியில் காணாமற்போனது. அது சாலையோரத்தில் கிடந்திருந்தால், அளவுகருவி இல்லாத காவலருக்கு அது வெறும் இரும்புப் பெட்டியாகத்தான் தெரிந்திருக்கும்.

ஓய்வுபெற்ற பாதுகாப்பு அதிகாரி:
ஐயா, உங்கள் அக்கறை நியாயமானது. நீங்கள் சொல்லும் தீர்வுதான் ஆபத்தானது. கவசம் கையில் இருந்தால் காவலர் உள்ளே போவார். வடிகட்டிக் கவசம் சில வாயுக்களைத் தடுக்குமே தவிர, பிராணவாயு குறைந்த இடத்தில் அதை உண்டாக்கித் தராது. காமா கதிர்களை அறவே தடுக்காது. 1995 மார்ச் 20 அன்று தோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் என்ற நரம்பு நச்சு பரப்பப்பட்டபோது, காசுமிகாசெகி நிலையத்தில் அது அடங்கிய பொட்டலத்தை அகற்ற முனைந்த ஊழியர்கள் இருவர் உயிரிழந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களின் உடைகளிலிருந்து எழுந்த ஆவி மருத்துவமனைப் பணியாளர்களையும் தாக்கியது. ரோந்துக் காவலருக்கு நான் கொடுக்க விரும்புவது ஒரு தொலைநோக்கி. காற்று வீசிவரும் பக்கத்தில் தொலைவாக நின்று, லாரியின் பலகையிலுள்ள நான்கிலக்க ஐ.நா. எண்ணைப் படித்துத் தீயணைப்புத் துறைக்குச் சொல்லிவிட்டுச் சாலையை மூடினாலே போதும். 1005 என்றால் அம்மோனியா, 1017 என்றால் குளோரின். அந்த எண் கிடைத்துவிட்டால் வரும் குழு ஆயத்தமாகவே வரும்.

ஜார்ஜ்டவுன் இயற்பியல் ஆசிரியை:
நீங்கள் இருவருமே ரசாயனத்தையும் கதிர்வீச்சையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறீர்கள். குளோரின் மேகத்துக்குள் கவசமின்றி நுழைபவர் சில மூச்சுகளில் விழக்கூடும். கதிர்வீச்சுப் பொருள் ஏற்றிய வாகனம் விபத்துக்குள்ளானால் கணக்கு வேறு: சிறிய மூலம் ஒன்றிலிருந்து நம் தொலைவு இரட்டிப்பானால், உடல் வாங்கும் கதிர்வீச்சின் அளவு நான்கில் ஒன்றாகக் குறையும், நின்ற நேரம் பாதியானால் அளவும் பாதியாகும். அதனால்தான் பல நாடுகளில் முதல் நிலை மீட்பாளர்கள் பயன்படுத்தும் அவசரகால வழிகாட்டி நூல், உயிர் காப்பதும் முதலுதவியும் கதிர்வீச்சை அளப்பதைவிட முதன்மையானவை என்று வெளிப்படையாகவே கூறுகிறது. காயமுற்றவரை விரைவாக இழுத்து அப்புறப்படுத்தக்கூடிய காவலரை, "கதிர்வீச்சு" என்ற சொல்லைக் கேட்டதும் கைகட்டி நிற்கப் பழக்கினால், இரத்தப்போக்கில் ஓர் உயிர் வீணே போகும். "உள்ளே போகாதே" என்ற ஒரே விதியை எல்லா விபத்துகளுக்கும் பொருத்துவதை என்னால் ஏற்க முடியாது.

பிறைவாசி:
ஆசிரியை சொல்வது என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. எது ரசாயனம், எது கதிர்வீச்சு என்று பிரித்தறியவே கருவி வேண்டும். 1987இல் பிரேசிலின் கொய்யானியா நகரில், கைவிடப்பட்ட மருத்துவக் கருவியிலிருந்து சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் வெளியேறி நால்வர் மாண்டனர். 249 பேரிடம் மாசு கண்டறியப்பட்டது. அங்கே தீயணைப்பு வீரர்கள் அந்த மூலத்தை எடுத்து ஆற்றில் வீச இருந்தார்கள். அளவுகருவியோடு வந்த இயற்பியலாளர் ஒருவர்தான் தக்க நேரத்தில் தடுத்தார். அந்த வீரர்களிடம் துணிவுக்கா குறைவு? அவர்களிடம் இல்லாதது கருவி மட்டுமே.

ஓய்வுபெற்ற பாதுகாப்பு அதிகாரி:
அதே நிகழ்வில் இன்னொன்றும் உண்டு. கருவி மிக உயர்ந்த அளவைக் காட்டியபோது, அது பழுதாகிவிட்டது என்றே அந்த இயற்பியலாளர் முதலில் எண்ணி, வேறொரு கருவி தேடிப் போனார். படித்தவருக்கே அப்படியென்றால், ஒருநாள் பயிற்சி பெற்ற இளம் காவலர் என்ன செய்வார்? நம் நாட்டுப் பட்டறிவும் வேறு பாடத்தையே தருகிறது. 2019 மார்ச் 7 அன்று ஜொகூரின் பாசீர் கூடாங்கில், சுங்கை கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட ரசாயனக் கழிவினால் தொடங்கிய பாதிப்பு சில நாட்களில் மீண்டும் பெருகி, 13ஆம் நாள் 111 பள்ளிகள் மூடப்பட்டன. அங்கு வேண்டியிருந்தது ஆற்றோரத்தை இறுக மூடி, கழிவு முழுதும் அகற்றப்படும் வரை திறக்காமல் வைத்திருக்கும் உறுதி. அது காவல் துறையால் முடிந்த பணி. அதற்குக் கருவி தேவையில்லை.

பிறைவாசி:
தொலைநோக்கியை ஏற்கிறேன், கருவியைக் கைவிட மாட்டேன். எண் காட்டாமல், வரம்பு மீறினால் ஒலி மட்டும் எழுப்பும் வகையைக் கொடுங்கள். ஒலித்தால் பின்வாங்கி மற்றவர்களையும் விலக்க வேண்டும் என்பதைக் கற்பிக்க ஒரு நாள் போதும்.

ஓய்வுபெற்ற பாதுகாப்பு அதிகாரி:
குளோரினுக்கு அது ஒலிக்காது, ஐயா. ஒலிக்காத இடத்தைப் பாதுகாப்பான இடம் என்று நம்பி அவர் முன்னேறுவார். காற்றின் திசை பார்ப்பதையும் பலகையைப் படிப்பதையும் முதலில் பழக்குங்கள். அதில் தேறியவரின் காருக்கு அந்தக் கருவியைக் கொடுப்பதில் எனக்குத் தடையில்லை.