தாது வருஷப் பஞ்சப் பாட்டு யாருக்காவது தெரியுமா?

வணக்கம் நண்பர்களே. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 1876–78 தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிப் பாடம் எடுக்கப் போகிறேன். நிவாரண வேலைக்கு வந்த ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று 1877இல் பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்டு டெம்பிள் குறைத்ததைச் சொன்னால் குறித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். போன வருஷம், அந்தப் பஞ்சத்தில் வாடியவர்களை ஹூப்பர் என்பவர் எடுத்த புகைப்படங்களைக் காட்டினேன். வகுப்பே அடங்கிப்போனது. "இவங்க பேரெல்லாம் என்ன சார்?" என்று ஒரு பெண் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரி உட்காரவைத்து எடுத்த படங்கள் அவை. அந்த மக்களின் குரல் அதில் இல்லை.

அந்தக் குரல் கும்மியிலும் சிந்திலும்தான் இருக்கிறது என்று நம்புகிறேன். சேலம் பக்கம் எங்கள் அப்பாயி நாற்று நடும்போது பஞ்சப் பாட்டு பாடுவார். இரண்டு வரிகூட எனக்கு நினைவில் இல்லை, அது பெரிய வருத்தம்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது பாடினால் போனில் பதிவுசெய்து அனுப்புங்கள், அரைகுறையாக இருந்தாலும் சரி. அப்புறம், பழைய குஜிலிப் பதிப்புகளை (மலிவு விலையில் விற்ற சிறு பாட்டுப் புத்தகங்கள்) தேடிச் சென்னை ரோஜா முத்தையா நூலகத்துக்குப் போகலாம் என்றிருக்கிறேன். அங்கே தேடிப் பழகியவர்கள், எப்படிக் கேட்க வேண்டும் என்று சொல்லுங்களேன். அடுத்த மாதம் வகுப்பு.