பத்துமலையில் பால்குடத்துக்குத் துணை தேவை

வணக்கம். தைப்பூசத்துக்கு முதல் தடவை பால்குடம் எடுக்கும் சிலரோடு ஏற ஆள் வேண்டும். முருகன்மேல் நம்பிக்கைக்குக் குறைவில்லை. 272 படிகளைப் பார்த்தால்தான் கால் நடுங்குகிறது. ‘யாமிருக்க பயமேன்’ சரிதான், ஆனால் விரதத்தில் தண்ணீரையும் விட்டுவிட்டால் பாதிப் படியில் தலைசுற்றும். (தண்ணீர் குடிப்பதைப் பக்திக் குறைவு என்று சொல்லி யாரையும் பயமுறுத்தாதீர்கள்.)

குடத்தில் கழுத்துக்குக் கீழேயே பாலை நிறுத்தி, வாயை மஞ்சள் துணியால் இறுகக் கட்டவேண்டும். விளிம்புவரை ஊற்றினால் படிக்குப் படி தளும்பும். சிந்திய பாலில் பின்னால் வருபவருக்கு வழுக்கும். துணைக்கு வருபவர் ஒரு படி கீழே, பக்கவாட்டில் ஏறவேண்டும். முன்னால் நின்று கையை இழுத்தால் குடம் சாயும்.

ஏறிப் பழகிய அண்ணன், அக்காமார் யாராவது வரமுடியுமா? முழங்கால் வலி உள்ளவர்கள் அடிவாரத்தில் தண்ணீர், செருப்பு பார்த்துக்கொண்டாலே போதும். காரை வீட்டில் விட்டு கொமுட்டர் ரயிலில் வாருங்கள்.